செத்த எலும்பும் உயிர் எலும்பும்

என் வலது காலிலிருந்து முதல் எலும்புத் துண்டு வெளியே வந்தபோது, அது ஏதோ நொய்யரிசி என்றுதான் நினைத்தேன். சுரக்குடியில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணற்றடியில் உட்கார்ந்து, புண்ணில் கட்டியிருந்த துணியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம், பட்டாணி அளவுக்கு ஒரு ஓட்டை. அதில் வெள்ளையாக ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் கிள்ளி இழுத்தேன். வலிக்கவே இல்லை. நொய்யரிசியைவிட நீளமாக, ஒரு பக்கம் கூராக இருந்தது.

வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் நீட்டினேன். துண்டால் துடைத்துவிட்டுக் கிணற்றுச் சுவரில் தட்டிப் பார்த்தார்.

"கல்லு இல்ல ஆயி. எலும்பு மாரி இருக்கு" என்றார். வீட்டில் என்னை 'ஆயி' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "மீன் முள்ளு ஏதும் ஒட்டிக்கிச்சா?" என்றார்.

"காலால மீன் திங்கிற பழக்கம் எனக்கு இல்லப்பா" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். ஆனால் சட்டையை எடுக்க உள்ளே போன வேகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டார் என்று தெரிந்தது.

அந்தக் கால் உடைந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுக் காரைக்காலில் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போய்வந்தேன். எங்கள் ஊரிலேயே சைக்கிள் ஓட்டிய பெண்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி நான். அந்தப் பெருமையில் கார்த்திகை மழையிலும் சைக்கிளை விடவில்லை. வாய்க்கால் ஓரம் மண் சரிந்து, சைக்கிளோடு நானும் போய் மதகுக் கல்லில் விழுந்தேன். முன்னங்கால் எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனது. போகும்போது வாய்க்கால் சேற்றையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கழுவித் தையல் போட்டு மாவுக்கட்டு கட்டினார்கள். கட்டைப் பிரித்தபோது எலும்பு நன்றாகவே கூடியிருந்தது. நடந்தேன். சைக்கிளையும் எடுத்தேன். தையல் போட்ட இடத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் ஆறவில்லை. சில வாரம் பொருக்குத் தட்டி மூடிக்கொள்ளும். உடனே கால் கனக்கும், காய்ச்சல் வரும், அந்த இடம் சிவந்து உப்பும். பிறகு ஒருநாள் உடைத்துக்கொண்டு சீழ் வடியும். வடிந்ததும் காய்ச்சல் போய்விடும், நான் பழையபடி டைப் அடிக்கக் கிளம்பிவிடுவேன். மாத்திரை தின்றால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துப் பார்த்துவிட்டார். வகுப்பில் நான் எப்போதும் ஜன்னல் ஓரத்து மிஷினையே கேட்டு வாங்கினேன். காற்றுக்காக என்று மற்றப் பெண்கள் நினைத்தார்கள். என் புண்ணின் வாடை எனக்குத்தான் தெரியும்.

அன்றைக்கே அப்பா என்னைக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்த டாக்டர், "உள்ள ஒரு துண்டு தனியாக் கெடக்கு. பாண்டிச்சேரிக்கு எழுதித் தர்றேன். நேரா அங்க போயிடுங்க" என்றார்.

பஸ்ஸில் நான்கைந்து மணி நேரம். அம்மாவின் மடியில் புளிச்சோற்றுத் தூக்கு. அப்பாவின் மடியில் எக்ஸ்ரே உறை. மடங்கிவிடக் கூடாதென்று அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "என்னங்க அது, போட்டோவா?" என்றார்.

"ஆமாங்க. பொண்ணு போட்டோ" என்றார் அப்பா.

"ஓகோ, மாப்ள வீட்டுக்குப் போறீங்களா? நல்லபடியா முடியட்டுங்க" என்று வாழ்த்திவிட்டு அவர் அடுத்த சீட்டுக்குப் போனார். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வாய்த்தவர் ஆந்திராவிலிருந்து வந்த இளம் டாக்டர். தமிழ் பேசுவதில் அவருக்கு மிகுந்த ஆர்வம். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, அம்மாவின் பக்கம் திரும்பி, சிரித்த முகத்தோடு, "பயம் வேணாம்மா. எலும்பு செத்துப்போச்சு. அவ்ளோதான்" என்றார்.

'செத்துப்போச்சு' என்ற சொல்தான் அம்மா காதில் விழுந்தது. அடுத்த நொடி, "அய்யோ என் ஆயி!" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார். வெளியே காத்திருந்தவர்கள் எல்லாம் கதவருகே கூடிவிட்டார்கள். உள்ளே யாரோ இறந்துவிட்டதாக நினைத்து ஒரு பாட்டையா கையெடுத்துக் கும்பிட்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்ட இரண்டு கையையும் ஆட்டினேன்.

ஒரு நர்ஸ் வந்து அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்த பிறகு, டாக்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அவர் தமிழில் பாதியை நர்ஸ் திருத்திச் சொன்னார். எலும்பு ஏதோ கம்பு மாதிரி உயிரில்லாத பொருள் என்று அதுவரை நினைத்திருந்தேன். எலும்புக்குள்ளும் ரத்தம் ஓடுகிறதாம். வாய்க்கால் சேற்றோடு போன கிருமி எலும்புக்குள் குடியேறிச் சீழ் வைத்திருக்கிறது. சதையில் சீழ் வைத்தால் சதை உப்பி இடம் கொடுக்கும். எலும்பு உப்பாது. உள்ளேயே அழுத்தம் ஏறி, ரத்தம் வருகிற சின்னச் சின்னக் குழாய்களை எல்லாம் நெரித்துவிடும். ரத்தம் வராத பகுதி செத்துவிடும். உடம்பு சும்மா இருக்கவில்லை. செத்த துண்டைச் சுற்றிப் புதிதாக ஓர் எலும்பைக் கட்டிக்கொண்டுவிட்டது. படத்தில் புது எலும்பு பருமனாகச் சுற்றி நிற்க, நடுவில் பளிச்சென்று வெள்ளையாகக் கிடந்தது செத்த எலும்பு. கிருமி அதற்குள் பத்திரமாக இருக்கிறது. ஊசி மருந்து ரத்தத்தில்தான் போகும். செத்த எலும்பில் ரத்தம் இல்லை. அதனால் மருந்து அதைத் தொடவே தொடாது. அதை எடுக்கிறவரை ஓட்டை மூடாது.

அப்பா இதைக் கேட்டதும் அம்மாவிடம் திரும்பினார். "நம்ம வேலி கிளுவ மரத்துல முள்ளுக்கம்பி கட்டுனோம்ல? கம்பியச் சுத்திப் பட்டை வளந்து மூடிக்கிச்சுல்ல? அதுதான். கம்பி உள்ள கெடக்கு, மரம் நல்லா இருக்கு. கம்பிய உருவணும், அவ்ளோதான்."

"அப்ப மரத்துக்கு ஒண்ணும் இல்லியே?" என்றார் அம்மா.

"மரம்தான் சைக்கிள் ஓட்டிக்கிட்டுத் திரியுதே" என்றார் அப்பா.

பெண்கள் வார்டில் எனக்குக் கிடைத்த கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் கருக்களாச்சேரியிலிருந்து வந்த ஓர் அக்கா இருந்தார். முப்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். இவர் மீன் விற்பவர். வலது கை முழுக்கக் கட்டு. கரையில் மீன் பிரிக்கும்போது கெளுத்தி முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு வியாபாரத்துக்குப் போயிருக்கிறார். விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கி, நகம் விழுந்து, கடைசியில் படம் எடுத்தபோது நுனி எலும்பைக் கிருமி அரித்திருந்தது தெரிந்தது.

"ஒனக்குக் காலு, எனக்கு வெரலு. சேந்தா ஒரு முழு ஆளு தேறும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை தெலுங்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். அக்காவின் விரலைப் பார்த்து, முதல் கணு வரை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று சொல்லி, பேனாவால் கணுவில் ஒரு கோடு போட்டார். அக்கா கோட்டை உற்றுப் பார்த்தார்.

"அம்புட்டும் கட்டுப்படியாகாது சார். இந்தா, இதுவரைக்கும் எடுத்துக்குங்க" என்று இடது கை நகத்தால் விரல் நுனியருகே வேறொரு கோடு கிழித்தார்.

"அம்மா, இது மீன் மார்க்கெட் இல்ல."

"மார்க்கெட்டா இருந்தா நான் ஒண்ணு ரெண்டு சும்மாவே போட்டிருப்பேனே சார். இது வெரலு. கட்ட வெரலு இல்லாம நான் எப்புடி மீன் ஆயிறது? கத்திய எதால புடிக்கிறது? செத்த எலும்ப மட்டும் எடுங்க. உசுரு உள்ளத உட்டுருங்க."

வார்டே சிரித்தது. டாக்டரும் எவ்வளவோ அடக்கிப் பார்த்துவிட்டு முடியாமல் சிரித்தார். "சரி, ஒரு வாரம் ஊசி போட்டுப் பாக்கலாம்" என்றார். பெரிய டாக்டரிடம் போய் என்ன பேசினாரோ, கடைசியில் அரிபட்ட நுனி எலும்பை மட்டும் சுரண்டி எடுத்தார்கள். விரல் குட்டையாகி நுனி தட்டையாகிவிட்டது. ஆனால் மடங்கியது, பிடித்தது. "நான் சொன்ன வெலைக்கே முடிச்சிட்டாரு" என்று அக்கா வருவோர் போவோரிடமெல்லாம் விரலைக் காட்டினார்.

அவருக்கு ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் எனக்கு. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். கண்ணுக்கு நேரே ஒரு பச்சைத் துணி. அதற்கு அப்பால் என் கால். வலியில்லை, ஆனால் சத்தம் கேட்டது. நிலைப்படிக்கு ஆசாரி உளி வைத்துத் தட்டுகிற சத்தம் அப்படியே. ஒவ்வொரு தட்டுக்கும் உடம்பு மேசையில் லேசாக அசைந்தது. உயிர் எலும்பில் ஒரு பள்ளம் வெட்டித்தான் செத்த எலும்பை வெளியே எடுக்க வேண்டுமாம். நான் பயத்தில் விரல்களை வயிற்றின் மேல் வைத்து டைப் அடிக்க ஆரம்பித்தேன். 'ஐயா, தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம்' என்று டைப்ரைட்டிங் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்த கடிதத்தை முழுக்க அடித்து முடித்தபோது டாக்டர் துணிக்கு மேலே ஓர் இடுக்கியை நீட்டினார்.

"பாரு. உன்னுது."

அரைவிரல் நீளம். பழைய யானைத் தந்தம் போல் வெளுத்த மஞ்சள். ஓரமெல்லாம் செல்லரித்த பனஞ்சட்டம் மாதிரி கடித்துக் கடித்து விட்டிருந்தது. "திருப்பிக் காட்டுங்க சார்" என்றேன். திருப்பிக் காட்டினார். இரண்டு வருடமாக என்னை ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தது இத்தனூண்டு துண்டா என்று இருந்தது.

அம்மாவுக்கு வேறு கவலை. மாலையில் டாக்டரைப் பிடித்து, "செத்த எலும்புக்குத் தீட்டு உண்டுங்களா?" என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. நர்ஸ் விளக்கினார். "இல்லம்மா, இல்ல. குளிச்சிட்டு நல்லா சாப்பிடுங்க. பொண்ணுக்கும் முட்டை குடுங்க" என்றார் அவர்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் சிரிப்பாக இருந்தன என்று சொன்னால் பொய். எலும்பில் வெட்டிய பள்ளத்தைத் தைத்து மூடவில்லை. அடியிலிருந்து சதை வளர்ந்து தானே நிரம்ப வேண்டும் என்று, மருந்தில் நனைத்த துணியை உள்ளே அடைத்து வைத்தார்கள். அதை எடுத்து மாற்றுகிற காலைகளில் நான் போட்ட கூச்சல் அடுத்த வார்டு வரை கேட்டிருக்கும். வேளை தவறாமல் ஊசி வேறு. துணி மாற்றும் நேரம் வந்தால் அக்கா தன் கட்டிலிலிருந்து இறங்கி வந்து, நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொள்வார்.

"கத்து. நல்லாக் கத்து. கரையில ஏலம் கூறுற சத்தத்துல பாதிகூட வரல ஒனக்கு" என்பார். நான் அழுகைக்கு நடுவே சிரிப்பேன். அதற்குள் துணி வெளியே வந்திருக்கும்.

அம்மா ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அப்பாவுக்கு வயலில் அறுப்பு. எனக்கு டைப்ரைட்டிங் பரீட்சை இருந்தது. எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் எழுத்துக் கட்டங்களைப் பேனாவால் வரைந்து, மடியில் வைத்துக்கொண்டு தட்டிப் பழகினேன்.

"என்னா பொண்ணு, பேயி புடிச்ச மாரி வெரல ஆட்டிக்கிட்டுக் கெடக்க?" என்றார் அக்கா. சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு விரலுக்கும் எந்தெந்த எழுத்து என்று கவனமாகக் கேட்டார்.

"கட்ட வெரலுக்கு என்னா வேல?"

"வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவுல இடம் விடுறதுக்கு, அக்கா."

"அம்மாம் பெரிய வெரலுக்கு எடம் உடுற வேலதானா!" என்று தன் கட்டைப் பார்த்து வருத்தப்பட்டார். "வெள்ளக்காரனுக்கு மீன் ஆயத் தெரியாதுன்னு நெனைக்கிறேன்."

ஏழாவது வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளம் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. ஒரு வருடம் சைக்கிள் கூடாது, ஓடக் கூடாது, எலும்பு கெட்டிப்படட்டும் என்றார் டாக்டர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒரு கம்பை ஊன்றிப் பரீட்சைக்குப் போய்த் தோற்றேன். அடுத்த முறை பாஸ் செய்தேன். புண் மூடியது, மூடியபடியே இருந்தது. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் தற்காலிகமாக டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. நானே பிறகு சைக்கிளையும் எடுத்துவிட்டேன். ஒரு வருடம் ஆகவில்லை, பத்து மாதம்தான்.

காலில் புண் இல்லை என்றதும் அம்மா மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிட்டார். எலும்பு எடுத்த இடத்தில் ஒரு விரல் படுத்துக்கொள்கிற அளவுக்குத் தழும்புப் பள்ளம் இருந்தது. "பொடவையத் தரையத் தொடுற மாரிக் கட்டு. அதப்பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது" என்பது அம்மாவின் உத்தரவு.

நெடுங்காட்டுப் பக்கமிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை மின்சாரத் துறையில் வேலை. அப்பா இல்லை, அம்மாவும் மாமாவும் கூட வந்திருந்தார்கள். மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை. காபி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் கருக்களாச்சேரி அக்காவின் குரல்.

மாதம் ஒருமுறை கூடையோடு எங்கள் ஊர்ப் பக்கம் வருவது அவர் வழக்கம். பெண் பார்க்க வந்திருப்பது அவருக்குத் தெரியாது. கூடையை இறக்கிவிட்டு நேரே கூடத்துக்கு வந்துவிட்டார்.

"என்னா பொண்ணு, எலும்ப எடுத்த எடம் எப்புடி இருக்கு? திரும்ப ஒண்ணும் சீழு கட்டலையே?"

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக, "என்ன எலும்பு?" என்றார்.

அக்காவுக்கு அது போதும். தன் கட்டைவிரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, கெளுத்தி முள்ளில் தொடங்கி, பேரம், உளிச் சத்தம், செத்த எலும்பின் நீளம் வரை ஒன்று விடாமல் சொன்னார். நடுவில் யார் கண்ஜாடை காட்டியும் பலிக்கவில்லை. எனக்கு ஒருவிதமான நிம்மதி வந்தது. இனி மறைக்க எதுவும் இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார். "எத்தன வருஷம் வடிஞ்சுது?"

"ரெண்டு வருஷம்ங்க."

"வாடை அடிச்சுதா?"

"அடிச்சுதுங்க."

"இப்ப?"

"இப்ப ஒண்ணும் இல்லீங்க" என்று புடவையைக் கொஞ்சம் தூக்கித் தழும்பைக் காட்டினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். தகவல் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள்.

அவர்கள் தெரு திரும்பியதும் அம்மா அக்காவைப் பிடித்துக்கொண்டார். "ஒன் வாயில ஈயத்தக் காச்சி ஊத்துனா என்ன?"

"மறச்சு வச்சிக் கட்டிக் குடுத்தா மொத நாளே பாத்துருவான்ல? அப்ப யாரு வாயில ஊத்துவீங்க?" என்றார் அக்கா. அம்மா கோபத்தோடு கூடையிலிருந்த கொடுவா மீனை வாங்கி, கோபத்தோடு குழம்பு வைத்தார். நன்றாகவே இருந்தது.

பத்து நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு வேளையில், மாப்பிள்ளையின் அம்மா தனியாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பேச வேண்டும் என்றார். பழைய ஃபைல்கள் அடுக்கியிருந்த அறைக்கு அழைத்துப் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து, இடது பாதத்தைப் புடவைக்கு வெளியே நீட்டி, குதிகாலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார்.

ஓட்டை. என்னுடையதைப் போலவே, அதைவிடப் பெரியது. அந்த வாடையும் அதேதான். எனக்கு அது பழகிய வாடை. மூக்கைத் திருப்பத் தோன்றவில்லை.

"பதினோரு வருஷம்" என்றார். "அறுப்பு வயல்ல கருவ முள்ளு ஏறுச்சு. என் வீட்டுக்காரரு இருந்தப்ப வந்தது. எம் மவனுக்குத் தெரியாது."

"பதினோரு வருஷமாவா தெரியாது?"

"வெள்ளன எழுந்திரிச்சு அவன் கண்ணு முழிக்கிறதுக்குள்ள தொவச்சுக் காயப் போட்டுடுவேன். கல்யாணங் காச்சின்னா பந்தியில ஓரமா ஒக்காந்துக்குவேன். வெட்டிப்புடுவாங்கன்னு பயந்துகிட்டே இருந்துட்டேன். அன்னைக்கு ஒன் காலப் பாத்ததுலேந்து எனக்குத் தூக்கம் இல்ல." சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, துணியை மறுபடி சுற்றிவிட்டேன். ஜன்னல் ஓரத்து மிஷினைப் பற்றிச் சொன்னேன். காலையே எடுத்துவிட மாட்டார்கள், பெரும்பாலும் உள்ளே இருக்கிற செத்த எலும்பைத்தான் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். "நான் கூட்டிட்டுப் போறேங்க. கருக்களாச்சேரி அக்காவையும் கூப்புட்டுக்குவோம். டாக்டருகிட்டப் பேரம் பேச ஆள் வேணும்ல" என்றேன். அழுகையோடே சிரித்தார்.

லீவு போட்டுவிட்டு மூன்று பேரும் கிளம்பினோம். மகனிடம் கோயிலுக்கு என்று சொல்லியிருந்தார். அதே தெலுங்கு டாக்டர். கொஞ்சம் பருத்திருந்தார், தமிழ் தேறியிருந்தது. எங்களைப் பார்த்ததும், "வாங்க, வாங்க, மீன் மார்க்கெட்!" என்றார். படம் எடுத்துப் பார்த்தார். குதிகால் எலும்புக்குள் ஒரு பொந்து. பொந்துக்குள் ஒரு செத்த துண்டு. வார்டில் சேர்த்துக்கொண்டு சுத்தம் செய்ய வேண்டும், பழைய நோய் என்பதால் ஒரே தடவையில் தீராமலும் போகலாம், ஆனால் கால் தப்பும் என்றார். பிறகு கையெழுத்துப் படிவத்தை எடுத்து என்னைப் பார்த்தார்.

"நீங்க இவங்களுக்கு யாரு?"

இவர் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் போன பெண் நான் என்றா சொல்வது?

"வரப்போற மருமவ சார். எழுதிக்குங்க" என்றார் அக்கா.

எனக்குக் காது சுட்டது. மாப்பிள்ளையின் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டாக்டரிடம், "ஆமாங்க. அவளுக்குச் சம்மதம்னா" என்றார். டாக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என் பதிலுக்காகக் காத்திருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் காத்திருந்தார்கள்.

"இப்பக் கையெழுத்துப் போட்டுடுறேன் சார். மத்தத அவரையும் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

'அவர்' மறுநாள் வந்து சேர்ந்தார். தந்தி கொடுத்து வரவழைத்தோம். அம்மாவின் காலைப் பார்த்தார். வராந்தாவுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் விட்டு நானும் போனேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பதினோரு வருஷம்ங்க. ஒரே வீடு. நான் கவனிக்கல பாருங்க" என்றார்.

"கவனிக்கக் கூடாதுன்னுதானே அவங்க அவ்வளவு பாடுபட்டிருக்காங்க" என்றேன்.

"அன்னைக்கு ஒங்க வீட்டுல அந்த அக்கா சொல்லச் சொல்ல, நீங்க ஒண்ணுமே மறைக்காம பொடவையத் தூக்கிக் காமிச்சீங்க. எனக்கு அன்னைக்கே புடிச்சிருந்துது. அம்மா ஏன் பதில் சொல்ல வேணாம்னாங்கன்னு இப்பத்தான் புரியுது. மருமவளுன்னு ஒருத்தி வந்தா வீட்டுக்குள்ள மறைக்க முடியாதுன்னு பயந்திருக்காங்க."

அதன் பிறகு வேறு விஷயங்களும் பேசினோம். என்ன சமைக்கத் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை அடிப்பீர்கள் என்று கேட்டார். அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணம் நடந்தபோது என் மாமியாரின் குதிகால் ஆறியிருந்தது. அடுத்த வருடம் ஒருமுறை திரும்ப உடைத்துக்கொண்டது. மறுபடி போய், இன்னொரு சின்னத் துண்டை எடுத்து, மறுபடி ஆற வைத்தோம். அதற்குப் பிறகு அவர் இருந்தவரை அது வாயைத் திறக்கவில்லை.

அந்த இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பஸ் பயணம் நன்றாக நினைவிருக்கிறது. நானும் என் கணவரும் ஒரு சீட்டில். முன் சீட்டில் மாமியார், முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு. கடலூர் தாண்டுவதற்குள் கதையை ஆரம்பித்துவிட்டார். "எலும்புக்கு உசுரு இருக்கும்மா, ஒனக்குத் தெரியுமா?" என்று. சிதம்பரத்தில் அந்தப் பெண் இறங்கினார், வேறொருவர் ஏறினார். மாமியார் கதையை முதலிலிருந்து எடுத்தார். சீர்காழி வருவதற்குள் குதிகாலைப் பார்க்காதவர் அந்த பஸ்ஸில் டிரைவர் ஒருவர்தான்.

என் கணவர் என் காதருகே குனிந்து, "இவங்கள எப்புடி நிறுத்துறது?" என்றார்.

"பதினோரு வருஷம் வாயத் தொறக்கல. பேசட்டும் உடுங்க" என்றேன்.

"அதுக்காக இன்னும் பதினோரு வருஷமா?"

நான் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது பஸ் காரைக்காலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. கண்டக்டர் மாமியாரின் சீட்டருகே குந்தி உட்கார்ந்து, தன் தங்கச்சியின் கையில் ஆறாத புண் ஒன்று இருப்பதாகச் சொல்லி, எந்தக் கிழமை போனால் அந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.